ஏழு மணி நேர அண்ணன்

அத்தியாயம் 9

கோல்தோ தன் தங்கையின் கையிலிருந்துதான் ஊர் வரைபடத்தை வாங்கினான். வாங்கிக்கொண்டு, அவள் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல், ஆங்கிலத்தில் ஒரு நன்றியை உதிர்த்துவிட்டு நடந்தான்.

எதுர்னேவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பதினான்கு வருஷம் கழித்து வருகிறவனை என்னென்ன சொல்லித் திட்டலாம் என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அத்தனையும் வீணாகப் போயிற்று.

கெச்சோவின் கப்பல் துறையில், பயணிகள் வெளியே வரும் வாசலில், நகராட்சிக் கூடாரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கப்பல் வருகிற நாட்களில் அதுதான் அவளுக்கு வேலை. கழுத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொள்ள வேண்டும், பல் தெரியச் சிரிக்க வேண்டும், வரைபடம் கொடுக்க வேண்டும். பக்கத்தில் நான்கு இளைஞர்கள் வெள்ளை உடுப்பும் சிவப்பு இடுப்புத்துணியுமாக, குழலுக்கும் மேளத்துக்கும் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடினார்கள். திருவிழாவில் ஆட வேண்டிய ஆட்டத்தைக் காலை ஒன்பதரைக்கு, கழிப்பறை தேடுகிறவர்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இறங்கியவர்கள் மூவாயிரம் பேர். மார்பில் ஆளுக்கொரு எண்ணை ஒட்டிக்கொண்டு, அதே எண் எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்தவன் பின்னால் வரிசையாகப் போனார்கள். வரிசையில் சேராதவர்கள் எதுர்னேவிடம் வந்தார்கள்.

"காளைச் சண்டை எத்தனை மணிக்கும்மா?"

"இங்க அது இல்லீங்க."

"இது ஸ்பெயின்தானே?"

எதுர்னேவின் அப்பாவாக இருந்தால், நாம் ஸ்பானியர்களே இல்லை, நம் மொழியே வேறு என்று அந்தக் கேள்விக்கு அரை நாள் பதில் சொல்லியிருப்பார். அவள் "கடற்கரை அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினாள். இன்னொருத்தி, ஆடுகிறவர்களைக் காட்டி, இவர்களெல்லாம் எங்கே தங்குகிறார்கள் என்று கேட்டாள். அதில் ஒருவன் வங்கியில் வேலை பார்ப்பவன். அடுத்த தெருவில் வீடு.

அண்ணன் இருபதடி போயிருந்தான். சின்ன வயதில் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். இன்று அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"கோல்தோ!"

திரும்பினான். கண்ணைச் சுருக்கினான். "எதுர்னே! நீயா? அடையாளமே தெரியலையே! கழுத்துல என்ன இது, சிவப்புத் துணியெல்லாம் கட்டிக்கிட்டு?"

"உன்னை நல்லாத் தெரியுது. மார்லயே நம்பர் ஒட்டியிருக்கே."

அவன் வரைபடத்தால் மார்பிலிருந்த பதினேழை மறைத்துக்கொண்டான். பின்னால் அவன் மனைவி ஜில்லியன், அகலமான தொப்பியும் கையில் தண்ணீர் புட்டியுமாக வந்து, எதுர்னேவைக் கட்டிக்கொண்டாள். அவள்மீது எதுர்னேவுக்குக் கோபம் எதுவும் இல்லை. சவுத்தாம்ப்டனில் பிறந்தது அவள் குற்றமா?

சென்ற வாரம் வரை கூடவே வந்தவர்களுக்கு அந்தக் கையெழுத்து விவகாரம் மறந்திருக்காது. இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

பழைய துறைமுகத்தில், படிக்கட்டுக்குக் கீழே, ‘ஒலாத்து’ என்றொரு சோகோ இருக்கிறது. ஆண்கள் கூடி, தாங்களே சமைத்து, தாங்களே சாப்பிட்டு, தங்களையே பாராட்டிக்கொள்கிற சங்கத்துக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். பெண்கள் விருந்தாளியாக வந்து கூடத்தில் உட்காரலாம். அடுப்படி வாசற்படியைத் தாண்டக் கூடாது. எண்பது வருஷச் சட்டம். போன மே மாதம்தான், ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில், பெண்களும் உறுப்பினராகலாம் என்று தீர்மானம் நிறைவேறியது.

ஆனால் புது இடம் கிடையாது. இறந்தவர் இடம் காலியானால்தான் உண்டு. அதிலும் மகனுக்கு முதல் உரிமை. மகன் தனக்கு வேண்டாம் என்று தலைவர் முன்னால், அந்தக் கூடத்திலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டால் மகளுக்கு வரும். ஒரு வருஷத்துக்குள் எதுவும் நடக்காவிட்டால் வெளியாளுக்குப் போய்விடும். அப்பா பலெந்தின் இறந்து இந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருஷம். காத்திருக்கும் வெளியாள், தலைவர் சோமினின் மருமகன். மீனில் முள் இருப்பதே பிடிக்காத ஆசாமி.

எதுர்னே அண்ணனுக்கு மூன்று கடிதம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. போன வாரம் கைபேசியில் ஒரே ஒரு வரி வந்தது: புதன்கிழமை எங்கள் கப்பல் உங்கள் ஊருக்கு வருகிறது, சந்திக்கலாமே.

உங்கள் ஊராம். அம்மா செத்தபோது வேலை என்றவன், அப்பா செத்தபோது விமானம் கிடைக்கவில்லை என்றவன், கப்பல் நிற்கிற ஊர் தற்செயலாகத் தான் பிறந்த ஊராக அமைந்துவிட்டதால் ஏழு மணி நேரத்துக்கு வந்து இறங்கியிருந்தான். மாலை நாலரைக்கு மறுபடி ஏறிவிட வேண்டும்.

கூடாரத்தை உடன் வேலை பார்ப்பவளிடம் ஒப்படைத்துவிட்டு, எதிரிலிருந்த காப்பிக் கடைக்கு அழைத்துப் போனாள். ஜில்லியன் வெளியே நின்று கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துதானே? போட்டாப் போச்சு" என்றான் கோல்தோ.

எதுர்னேவுக்கு மூச்சு வந்தது. ஒரு நிமிஷம் அவன்மேல் பாசம்கூட வரப் பார்த்தது.

"ஆனா ஒரு சின்ன உதவி."

வந்த பாசம் வந்த வழியே போயிற்று.

"கப்பல்ல எங்களோட ஒரே மேஜையில சாப்பிடறவங்க ஆறு பேர். எட்டு நாளா அப்பாவைப் பத்தித்தான் பேச்சு. இந்தக் கரையிலேயே பெரிய சமையல்காரர்னு சொல்லிட்டேன். அவரோட சோகோவுல என் கையால சமைச்சுப் போடறேன்னு வாய விட்டுட்டேன்."

"உனக்குச் சமைக்கத் தெரியுமா?"

"அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சுதாக்கும்?"

எதுர்னே கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ன முழிக்கறே? அப்பாவுக்கு ஒரு முட்டை அவிக்கத் தெரியாது. அம்மாவுக்கு முடிஞ்சவரைக்கும் அம்மா. அப்புறம் நீ. சட்டி மூடியோட வீட்லேருந்து போகும், பின்பக்க ஜன்னல் வழியா அடுப்படிக்குள்ள போகும். அப்பா சூடு பண்ணிப் பரிமாறிப் பேர் வாங்குவாரு. இன்னிக்கும் அப்படியே போகட்டும். மையில வெச்ச கணவாய். மூணு மணிக்குச் சாப்பாடு. சாப்பிட்டு முடிச்ச கையோட கையெழுத்து."

"சோமின்கிட்ட கேட்டியா?"

"ரெண்டு வாரம் முன்னாடியே எழுதிட்டேன். வாரிசுதானே, தாராளமா வந்து சமைன்னு உடனே பதில் போட்டாரு."

அப்படியானால் அவனுக்குக் கடிதம் எழுத வரும். தங்கைக்கு எழுதத்தான் கை வரவில்லை.

"சரி" என்றாள் எதுர்னே. "ரெண்டரை மணிக்கு ஜன்னல்கிட்ட இரு."

வீட்டில் நாற்பது குட்டிக் கணவாய்கள் சுத்தம் செய்து குளிர்பெட்டியில் தயாராக இருந்தன. தூண்டிலில் பிடித்தவை. மைப்பைகளைத் தனியே எடுத்துக் கிண்ணத்தில் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை உறுப்பினராக முதல் முறை அந்த அடுப்படிக்குள் நுழைந்து, தன் பெயரில் சமைப்பதற்காக வாங்கியவை அவை. இப்போது அண்ணனின் பெருமைக்குப் போகின்றன.

மகள் மாரென் நீச்சல் உடுப்போடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். எரெயாகா கடற்கரையில் உயிர்காப்பாளர் வேலை. மதியத்துக்கு மேல்தான் பணி.

"மாமா எப்படி இருக்காரு?"

"வெள்ளை செருப்பு போட்டுக்கிட்டு இருக்காரு."

வெங்காயம் வதங்க ஆரம்பித்தது. அவசரப்படுத்தினால் கசந்துவிடும். எதுர்னே தீயைக் குறைத்துவிட்டு, கணவாயின் கால்களைப் பொடியாக நறுக்கி அதன் வயிற்றுக்குள்ளேயே அடைத்துக் குச்சி செருகினாள். மாரென் சொல்லாமலே பக்கத்தில் வந்து குச்சிகளை எடுத்துக் கொடுத்தாள்.

"எனக்குப் புரியவே இல்லம்மா. அந்தக் கெழவனுங்க குகைக்குள்ள போய் உக்காரத்தான் இவ்வளவுமா? நம்ம வீட்லயே அதைவிட நல்ல அடுப்பு இருக்கு."

"உக்காரணும்னு ஆசையில்லடீ. அந்தப் படியைத் தாண்டணும்."

"தாண்டி?"

"தாண்டணும். அவ்வளவுதான்."

"மாமா சாப்பிட்டுட்டு, கையெழுத்தும் போடாம கப்பல் ஏறிட்டா?"

எதுர்னே தீயை இன்னும் குறைத்தாள். வெங்காயத்தைக் கிளறினாள். இதே கேள்விதான் அவளையும் காப்பிக் கடையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது.

மை கரைந்து சட்டி முழுக்கக் கறுத்தது. உப்பைக் கொஞ்சம் போல, பார்த்துப் பார்த்துப் போட்டாள். மையிலேயே உப்பு உண்டு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் முதல் சட்டியைக் கொடுத்தபோது, "உப்பு போட்டாச்சு, நீங்க கை வெச்சுடாதீங்க" என்று அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். அன்று கூடத்தில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தவள், அடுப்படிக் கதவு வழியே பார்த்துப் பதறிப்போனாள். அப்பா உப்புப் புட்டிக்குள் கையை விட்டு, தலைக்கு மேல் உயர்த்தி, விரல்களைத் தேய்த்துச் சட்டியில் தூவினார். நண்பர்கள் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் சண்டை பிடிக்க, அப்பா காதோரம் குனிந்து, "கையில ஒண்ணுமே இல்லடீ" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அந்த நாடகம் தவறாமல் நடந்தது.

அது அவளுக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று எதுர்னே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டரை மணிக்குச் சட்டியோடு பின்பக்க ஜன்னலில் நின்றாள். கோல்தோ அப்பாவின் நீலக் கோடு போட்ட ஏப்ரனை மாட்டிக்கொண்டிருந்தான். அவன் வயிற்றுக்கு அது போதவில்லை.

"கொண்டா, கொண்டா. யாரோ வராங்க."

"கோல்தோ, உப்பு—"

ஜன்னல் சாத்திக்கொண்டது.

தட்டிச் சொல்லியிருக்கலாம். தட்டுவதற்குக் கையைக்கூட எடுத்தாள். பிறகு, இருபத்திரண்டு வருஷம் ஜன்னலைத் தட்டினது போதும் என்று தோன்ற, சுற்றிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

கூடத்தில் நீளமேஜை. ஒரு பக்கம் உறுப்பினர்கள் ஏழு பேர். எல்லாருக்கும் எழுபதுக்கு மேல். தலைவர் சோமினுக்கு எண்பத்தொன்று. மறுபக்கம் ஜில்லியனும் கப்பல்காரர்கள் ஆறு பேரும். அவர்கள் சுவரில் மாட்டியிருந்த துடுப்பைப் படம் எடுத்தார்கள், சோமினின் தொப்பியைப் படம் எடுத்தார்கள், ரொட்டியைப் படம் எடுத்தார்கள். சோமின் படத்துக்காகத் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

அடுப்படிக் கதவு திறந்திருந்தது. அண்ணன் சட்டியின் மூடியைத் திறந்தான். எல்லாரும் பார்க்கிறார்களா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டான். பிறகு, அப்பா செய்ததைப் பார்த்திருந்தபடியே, அடுப்பங்கரைப் புட்டிக்குள் கையை விட்டு, தலைக்கு மேல் உயர்த்தினான்.

எதுர்னே பாதி எழுந்தாள்.

கல் உப்பு சட்டியில் விழுகிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. ஒரு கை நிறைய. கப்பல்காரர்கள் கைதட்டினார்கள். உறுப்பினர்கள் ஒருவரும் தட்டவில்லை.

தட்டுகள் வந்தன. முதல் வாயை எல்லாரும் ஒன்றாக வைத்தார்கள். எல்லாருடைய கையும் தண்ணீர்க் கோப்பையைத் தேடிற்று.

கடைசியில் ஜில்லியனுக்குப் பக்கத்திலிருந்த மனிதர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "ரொம்பப் பாரம்பரியமா இருக்கு" என்றார். அவர் மனைவி, இதைக் கடல் தண்ணீரிலேயே வேகவைப்பார்களா என்று ஆவலாகக் கேட்டாள். இவர்களிடம் உப்பளத்தையே தட்டில் வைத்து நீட்டினாலும் ஊர்ப் பழக்கம் என்று நினைத்துத் தின்றுவிடுவார்கள்.

சோமின் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்படிப் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பலெந்தின் கையில என்னிக்கும் உப்பு இருந்ததில்லையேப்பா."

எதுர்னே அவரைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நான் உக்கார்றது ஜன்னல் பக்கத்து நாற்காலிம்மா. சட்டி வரும்போதே சூடா வரும்."

"எத்தனை வருஷமாத் தெரியும்?"

"மொதல்லேருந்தே."

"இவங்களுக்கு?"

மீதி ஆறு பேரும் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாருக்கும்தான்" என்றார் சோமின்.

"தெரிஞ்சும் இருபத்திரண்டு வருஷத்துல யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"சொன்னா நீ நிறுத்திடுவியோன்னு பயம்."

அவர் அதை ஒரு பாராட்டு மாதிரிதான் சொன்னார். எதுர்னேவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"மே மாசம் நீங்க எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டீங்க?"

சோமின் ஒயின் கோப்பையை எடுத்து, அதில் ஒயின் இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தார்.

கோல்தோ அடுப்படி வாசலுக்கு வந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. தங்கையிடம் தாழ்ந்த குரலில் கெஞ்சினான்: "எதுர்னே, உள்ள வந்து ஏதாவது பண்ணேன். மானம் போகுது. உருளைக்கிழங்கு போட்டா சரியாகும்ல?"

"நான் படியைத் தாண்டக் கூடாது."

"இப்பப் போய் சட்டம் பேசறியே!"

"கையெழுத்துப் போடு. உள்ள வரேன்."

"சாப்பாடு முடியட்டும்மா" என்று சோமின் இழுத்தார்.

"உங்க மருமகனுக்காக இழுக்காதீங்க. பேரேட்டை எடுங்க."

பேரேடு வந்தது. அவள் மூன்று கடிதத்திலும் கெஞ்சிக் கேட்டது நாலே வரி. கோல்தோ அதைப் படிக்கக்கூட இல்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு, நின்றபடியே கையெழுத்தைப் போட்டான். சோமின் கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து சின்னச் சாவி ஒன்றை எடுத்து மேஜைமேல் தள்ளினார். அப்பாவின் அலமாரிச் சாவி. எண் பதினொன்று.

எதுர்னே படியைத் தாண்டினாள்.

அடுப்படி சின்னது. கூரை புகையேறிக் கிடந்தது. நாலு அடுப்பில் இரண்டு எரியவில்லை. கத்தியின் முனை உடைந்திருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் யாரோ நேற்றுக் குடித்த கோப்பைகள். இதற்காகவா இருபத்திரண்டு வருஷம் ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்றோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் முன்னால் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

சட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள்.

"சீக்கிரம், சீக்கிரம்" என்றான் கோல்தோ.

"ஒண்ணும் பண்ண முடியாது. மூட்டை உருளைக்கிழங்கு போட்டாலும் தீராது."

"அப்புறம் எதுக்கு கையெழுத்து வாங்கினே?"

"உள்ள வரேன்னுதான் சொன்னேன். சரி பண்ணித் தரேன்னு சொன்னேனா?"

அவன் முகம் கறுத்தது. ஏப்ரனை அவிழ்த்து மேடைமேல் வீசினான். கூடத்தில் ஜில்லியன் கைக்கடிகாரத்தைக் காட்டினாள். மணி நாலாகப் போகிறது. கப்பல்காரர்கள் எழுந்து, எல்லாருக்கும் கைகொடுத்து, அருமையான சாப்பாடு என்று பொய் சொல்லிவிட்டுப் படியேறினார்கள்.

கோல்தோ மட்டும் வாசலில் நின்றான். அவளைப் பார்க்காமல், மார்பில் பாதி உரிந்திருந்த பதினேழை விரலால் ஒட்டிக்கொண்டே கேட்டான்.

"அப்பா கடைசியில என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த வசவுகள் எல்லாம் அவளுக்கு இப்போது தேவைப்படவில்லை.

"இல்ல" என்றாள்.

அது உண்மைதான். அவள் அறிந்தவரை அப்பா அவன் பெயரையே எடுத்ததில்லை. கோல்தோ தலையை ஆட்டிவிட்டுப் போனான். வெள்ளைச் செருப்பில் ஒரு சொட்டு மை விழுந்திருந்தது.

எதுர்னே அப்பாவின் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பதினொன்றாம் எண் அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஒரு துண்டு, ஒரு மரக்கரண்டி, மூடி போட்ட பெரிய உப்புப் புட்டி. புட்டியில் ஒரு கல் உப்புகூட இல்லை. கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அவளால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீரும் வந்தது.

புட்டியை எடுத்தபோது அதற்கடியில் ஓர் உறை இருந்தது. ஒட்டிய உறை. தபால்தலைகூட ஒட்டியாயிற்று, அஞ்சலில் சேர்க்கத்தான் இல்லை. மேலே அப்பாவின் கோணல் எழுத்தில் கோல்தோவின் பெயரும் சவுத்தாம்ப்டன் முகவரியும்.

துறைமுகத்திலிருந்து கப்பலின் முதல் சங்கு ஊதியது. மணி நாலடித்து ஐந்து நிமிஷம். நாலரைக்குக் கப்பல் வாசலை மூடுவார்கள். கடற்கரை வழியாக வேகமாக நடந்தால் இருபது நிமிஷம்.

எதுர்னே உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தான் எழுதிய மூன்று கடிதங்களையும், அவற்றுக்காகத் தபால்காரனைப் பார்த்து நின்ற காலைகளையும் நினைத்துக்கொண்டாள்.

பிறகு உறையை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு, குழாயைத் திறந்து, தொட்டியில் கிடந்த கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தாள்.